மேச்சேரி ஆட்டின் குளம்பு அழுகலுக்குத் தடுப்பூசி: பட்டியிலிருந்து குப்பி வரை

ஐப்பசி மழை நாலைந்து நாள் விடாமல் பிடித்தால் போதும், சேலம் மாவட்டத்தின் மேச்சேரி, ஓமலூர், நங்கவள்ளிப் பக்கத்துப் பட்டிகளில் ஒன்றிரண்டு செம்மறி ஆடுகள் முட்டி போட்டு மேயத் தொடங்கிவிடும். முன்னங்கால் இரண்டிலும் குளம்பு அழுகிவிட்டால் ஊன்ற முடியாது. முழங்காலைத் தரையில் பதித்துத்தான் புல்லைக் கடிக்கும். "கோமாரி ஊசிதான் போட்டாச்சே, அப்புறம் ஏன்?" என்று ஆட்டுக்காரர் கேட்பார். கோமாரி வைரஸால் வருவது, குளம்பு அழுகல் பாக்டீரியாவால் வருவது. அந்த ஊசி இதைத் தொடவே தொடாது.

இந்த வழிகாட்டி கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கும், உள்ளூர் நோய்க்கு உள்ளூர்க் கிருமியை வைத்தே தடுப்பூசி உருவாக்க நினைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் எழுதப்பட்டது. வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை. ஆனால் மாதிரி எடுப்பதும் ஊசி போடும் காலத்தைக் குறிப்பதும் ஆட்டுக்காரர் துணை இல்லாமல் நடக்காது. ஆகவே அந்தப் பகுதிகளை அவரும் படிக்கலாம்.

முதலில் நோய் இதுதானா?

நொண்டும் ஆடெல்லாம் குளம்பு அழுகல் ஆடு அல்ல. முள் குத்தியிருக்கலாம், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். வாயிலும் புண், காய்ச்சல், மந்தையில் பாதி ஒரே வாரத்தில் நொண்டல் என்றால் கோமாரியை நினைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீலநாக்கு நோயும் சுற்றும். அதில் குளம்பும் தோலும் சேரும் வரம்பு சிவந்து வீங்கும், முகம் ஊதும், மூக்கு ஒழுகும். இவற்றைப் பிரிக்காமல் மாதிரி எடுத்தால் ஆறு மாத வேலை வீண்.

ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்து, முதுகை உங்கள் காலோடு சாய்த்துக்கொண்டு நான்கு காலையும் பாருங்கள். சேற்றை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். குளம்பின் இரு விரல்களையும் விரித்து நடுத்தோலைப் பாருங்கள். சாதாரணமாக அது வறண்டு, வெளிர் நிறத்தில் இருக்கும். நோய் தொடங்கினால் சிவந்து, முடி உதிர்ந்து, வெள்ளைக் களிம்பு பூசினாற்போல் ஈரமாக இருக்கும். அடுத்த கட்டத்தில் குதிகால் பக்கத்து மென்கொம்பு தசையைவிட்டுக் கழன்று வரும். கத்தி முனையை மெல்ல நுழைத்தால் தடை இல்லாமல் உள்ளே போகும். அழுகல் நாற்றம் ஒன்று எழும். ஒருமுறை முகர்ந்தவருக்கு அது மறக்காது.

மதிப்பெண் முறை 0 முதல் 5 வரை. 0 என்றால் நல்ல கால். 1, 2 இரண்டும் விரலிடைத் தோலோடு நிற்பவை. 3-இல் குதிகாலும் அடிப்பாகமும் கழலும். 4-இல் கழலல் அடிப்பாகம் முழுக்கப் பரவிச் சுவர் விளிம்பைத் தொடும். 5-இல் பக்கச் சுவரே பிரிந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் தனியாக எழுதி வையுங்கள். தடுப்பூசி வேலை செய்ததா என்று பின்னால் தீர்மானிக்கப்போவது இந்த எண்களை வைத்துத்தான். ஆகவே முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

எதிரி யார், அவன் எதில் பிடிபடுவான்

கிருமியின் பெயர் டைக்கெலோபாக்டர் நோடோசஸ். 1941-இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் இதைக் குளம்பு அழுகலின் காரணி என்று நிறுவினார். பழைய கட்டுரைகளைத் தேடும்போது ஃபியூசிஃபார்மிஸ் நோடோசஸ், பாக்டீராய்டஸ் நோடோசஸ் என்ற பெயர்களிலும் தேட வேண்டும். எல்லாம் இதே கிருமிதான். காற்றில் பிழைக்காது. ஈரமண்ணில் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அது நிரந்தரமாகக் குடியிருப்பது ஆடுமாடுகளின் காலில் மட்டுமே. தடுப்பூசியைக் கொண்டு ஒரு மந்தையிலிருந்து இந்த நோயையே துடைத்து எறியலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இந்தப் பலவீனம்தான்.

சாணத்தில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற இன்னொரு கிருமி, ஊறிய தோலைப் புண்ணாக்கி வழி திறந்துவிடும். நோடோசஸ் உள்ளே புகுந்து, தன் புரதச் சிதைப்பான் நொதிகளால் கொம்பைக் கரைத்துக்கொண்டே போகும். கூட்டாளி வேறாக இருந்தாலும் நோடோசஸ் இல்லாமல் உண்மையான குளம்பு அழுகல் இல்லை. தடுப்பூசிக்கு அதை மட்டும் குறிவைத்தால் போதும்.

நோடோசஸின் உடம்பைச் சுற்றி ஃபிம்ப்ரியா எனப்படும் மயிரிழைகள் உண்டு. ஆட்டின் உடலில் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் இந்த இழைகளுக்கு எதிராகவே உருவாகிறது. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இழையின் அமைப்பு ரகத்துக்கு ரகம் மாறும். ஏ முதல் ஐ வரை ஒன்பது, அதோடு எம், ஆகப் பத்து சீரோகுரூப்கள், அதாவது இழையின் அமைப்பை வைத்துப் பிரித்த குழுக்கள். பி-க்கு எதிராகப் போட்ட ஊசி ஈ-யைத் தடுக்காது.

"அப்படியானால் பத்தையும் ஒரே குப்பியில் போட்டுவிடலாமே?" இந்த யோசனை எல்லோருக்கும் வரும். செய்தும் பார்த்துவிட்டார்கள். ஃபுட்வேக்ஸ் என்ற வெளிநாட்டுத் தடுப்பூசியில், எம் தவிர்த்த ஒன்பது சீரோகுரூப்களைச் சேர்ந்த பத்து ரகங்கள் இருக்கின்றன. ஆனால் பல சீரோகுரூப்களைக் கலந்து கொடுத்தால் ஒவ்வொன்றுக்குமான எதிர்ப்பொருள் அளவும் சரிந்துவிடுகிறது, பாதுகாப்புக் காலமும் சுருங்குகிறது. ஒரே பந்தியில் பத்துப் பேருக்கு ஒரு கரண்டிச் சோற்றைப் பங்கிட்ட கதை. ஒன்றோ இரண்டோ மட்டும் கொடுத்தால் அளவு பல மடங்கு உயரும், நாளும் நீளும். நேபாளத்திலும் பூட்டானிலும் அந்தந்த மந்தையில் இருந்த சீரோகுரூப்பை மட்டும் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஊசி தயாரித்துப் போட்டு, கொடிய குளம்பு அழுகலையே ஒழித்துக் காட்டினார்கள். பூட்டானில் அது பி. காஷ்மீரிலும் பெரும்பான்மை பி-தான். அதற்காகச் சேலத்திலும் பி-தான் என்று எழுதிவைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது. நம் பட்டியில் எது என்று பார்த்துவிட்டே அடுத்த அடி.

மாதிரி எடுப்பது

திட்டங்கள் பெரும்பாலும் கெடும் இடம் இதுவே. ஆய்வுக்கூடத்துக்கு வரும் பஞ்சுக்குச்சிகளில் பாதியில் வெறும் சாணம்தான் இருக்கும்.

கடந்த இரண்டு வாரத்தில் ஆன்டிபயாடிக் ஊசியோ மயில்துத்தம், துத்தநாக சல்ஃபேட் குளியலோ பெற்ற ஆட்டை ஒதுக்குங்கள். மதிப்பெண் 2-க்கு மேல் உள்ள, புதிதாகப் பரவிக்கொண்டிருக்கும் புண்ணைத் தேர்ந்தெடுங்கள். தளர்ந்த கொம்பைக் கத்தியால் சீவிவிட்டு, கழன்ற பகுதியும் உயிருள்ள தசையும் சேரும் ஓரத்தில் பஞ்சை அழுத்தித் தேயுங்கள். கிருமி இருப்பது அந்த ஓரத்தில். நடுவில் இருக்கும் சீழிலும் செத்த கொம்பிலும் பிற கிருமிகளே மண்டிக் கிடக்கும். ஸ்பிரிட், டெட்டால் எதுவும் தொடக் கூடாது.

ஒரு காலுக்கு இரண்டு குச்சி. ஒன்று பி.சி.ஆருக்கு, அதாவது மரபணுவைப் பெருக்கிக் கிருமியை அடையாளம் காணும் சோதனைக்கு; உப்புக்கரைசலில் முக்கி ஐஸ் பெட்டியில் வையுங்கள். இன்னொன்று வளர்ப்புக்கு, ஸ்டூவர்ட் அல்லது ஏமிஸ் கடத்து ஊடகத்தில் அடிவரை செருகி, மூடியை இறுக்கி, குளிர்ச்சியாக அன்றைக்கே, தவறினால் மறுநாளே சேர்த்துவிடுங்கள். பைக் பெட்டியில் வெயிலில் வைத்துக்கொண்டு சங்ககிரியிலிருந்து மாவட்டத்தின் மறுகோடியான தலைவாசல் வரை ஓட்டினால் பி.சி.ஆர். பாசிட்டிவாக வரும், தட்டில் ஒன்றும் முளைக்காது. முடிந்தவர்கள் பட்டியிலேயே தட்டில் கீறி, காற்றில்லா ஜாடிக்குள் வைத்துவிடுவது எல்லாவற்றையும்விட மேல்.

ஒரு மந்தைக்கு 15 முதல் 20 ஆடுகளிலிருந்து எடுங்கள். மூன்று ஆட்டில் எடுத்து மூன்றிலும் பி வந்தால் "மந்தையில் பி மட்டுமே" என்று முடிவுகட்டி விடுவோம். ஒரே மந்தையில், ஏன் ஒரே காலில்கூட, இரண்டு மூன்று சீரோகுரூப்கள் சேர்ந்திருப்பது சகஜம். தவறவிட்ட அந்த இரண்டாவது ரகம், முதலாவதை ஊசி அடக்கிய பிறகு காலி இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஊசி பலிக்கவில்லை" என்ற புகாரும் கூடவே வரும். சேலம் கருப்பு வெள்ளாடுகள் அதே பட்டியில் கட்டியிருந்தால் அவற்றிலும் எடுங்கள். வெள்ளாட்டில் புண் பெரும்பாலும் விரலிடைத் தோலோடு நின்றுவிடும். நொண்டாமலே கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும்.

பி.சி.ஆர்.: எந்தக் குரூப், எவ்வளவு கொடியது

முதலில் 16எஸ் மரபணுவுக்கான பி.சி.ஆர். 783 கார இணை நீளத்தில் பட்டை வந்தால் நோடோசஸ் உண்டு. அடுத்து இழைப் புரதத்துக்கான ஃபிம்-ஏ மரபணுவை வைத்துச் சீரோகுரூப். பொதுவான ஒரு முன் பிரைமர் (மரபணுவில் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு), குரூப்புக்கு ஒன்றாகப் பின் பிரைமர். வரும் பட்டைகள்: ஏ 415, பி 283, சி 325, டி 319, ஈ 363, எஃப் 241, ஜி 279, எச் 409, ஐ 189. ஒன்பதையும் ஒரே குழாயில் போடாதீர்கள். பி-யும் ஜி-யும் நான்கு இணைதான் வித்தியாசம், சி-யும் டி-யும் ஆறு, ஏ-யும் எச்சும் ஆறு. ஜெல்லில் இவற்றைக் கண்ணால் பிரிக்க முடியாது. ஏ-பி-சி, டி-ஈ-எஃப், ஜி-எச்-ஐ என்று மூன்று குழாய்களாகப் பிரித்தால் குழப்பம் இல்லை. 2 சதவீத அகரோஸ் ஜெல் போதும். எம் இந்த ஒன்பதில் வராது. 16எஸ் பாசிட்டிவ், ஒன்பதும் நெகட்டிவ் என்று வந்தால் அதற்கான பிரைமரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாகக் கிருமியின் கொடுமை. கொடிய ரகங்களில் ஏபிஆர்-வி2 என்ற நொதி, சாதுவான ரகங்களில் ஏபிஆர்-பி2. இரண்டுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபாடு. ரியல்டைம் பி.சி.ஆர். அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். சாதுவான ரகத்துக்குத் தடுப்பூசி செய்வது வெட்டி வேலை. மழை நின்று தரை காய்ந்தால் அது தானாக ஆறும், துத்தநாக சல்ஃபேட் குளியலே போதும்.

கிருமியை வளர்ப்பது, இழையைக் காப்பது

சீரோகுரூப்பைக் கண்டுபிடிக்க வளர்ப்பு தேவையில்லை, தடுப்பூசி விதைக்குத் தேவை. முதல் தட்டுக்குக் குளம்புப் பொடி அகார். ஆடு வெட்டும் இடத்திலிருந்து சுத்தமான குளம்புகளை வாங்கி, தேய்த்துக் கழுவி, காயவைத்து, அரைத்து, நைசாகச் சலித்து, ஊடகத்தில் 1.5 சதவீதம் கலந்து ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். அகார் 4 சதவீதம். வழக்கமான தட்டைவிட இது கல்லுப்போல் இருக்கும். அந்தக் கடினம் வேண்டும் என்றேதான் வைப்பது. மேலே ஓடிப் பரவும் மற்ற கிருமிகள் இதில் திணறும், நோடோசஸ் மெல்ல ஊர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும்.

தட்டுகளை முதல்நாள் இரவே காற்றில்லா ஜாடியில் வைத்து ஆக்ஸிஜனை வெளியேற்றிவிடுங்கள். கீறிய பிறகு நைட்ரஜன் 80, ஹைட்ரஜன் 10, கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதக் கலவையில் 37 டிகிரியில் வையுங்கள். நான்கு நாளுக்கு முன் ஜாடியைத் திறக்காதீர்கள். இரண்டாம் நாள் ஆவலில் எட்டிப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இளம் காலனி காற்றுப் பட்டதும் செத்துவிடும். 4 முதல் 7 நாளில் தட்டையான, ஓரம் ஒழுங்கில்லாத, தேய்த்த கண்ணாடி போன்ற காலனிகள் தெரியும். அவற்றின் அடியில் அகார் அரித்திருக்கும். ஓரத்திலிருந்து எடுத்து 2 சதவீத அகார் தட்டில் மறுபடி கீறுங்கள். கிராம் சாயத்தில் தடித்த, சிவந்த குச்சிகள். இரண்டு முனையிலும் பூண் போட்ட உலக்கை மாதிரி. சஃப்ரானின் மங்கலாகப் பிடித்தால் நீர்த்த கார்பால் ஃபுக்சின் போடுங்கள்.

தூய்மையாக்க மூன்று நான்கு முறை மாற்றிக் கீற வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் கீறக் கீற இந்தக் கிருமி இழைகளை உதிர்க்கும். ஆட்டின் காலில் ஒட்டிக்கொள்ளத் தேவைப்பட்ட இழை, தட்டில் சொகுசாக வாழும்போது எதற்கு? காலனியின் ஓரம் மணி கோத்தாற்போல், மொட்டு மொட்டாக இருந்தால் இழை உண்டு. வழவழவென்று வட்டமாக மாறிவிட்டால் இழை போய்விட்டது. வழவழப்பான காலனியே பார்க்க அழகாக இருக்கும், வேகமாகவும் வளரும். கை தானாக அதைத்தான் தேடும். அதிலிருந்து செய்த தடுப்பூசி ஆட்டுக்கு வெறும் காய்ச்சலைத் தரும், பாதுகாப்பைத் தராது.

ஆகவே தூய்மை உறுதியான முதல் தட்டிலிருந்தே ஐம்பது அறுபது குப்பிகளில் கொழுப்பு நீக்கிய பாலோடு உறைய உலர்த்தியோ, 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியிலோ சேமித்துவிடுங்கள். இது தாய்விதை. இதிலிருந்து வேலைவிதை, அதிலிருந்து உற்பத்தி. தாய்விதையிலிருந்து ஐந்து தலைமுறைக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை முதலிலேயே எழுதிவையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குரூப்பின் சீரத்தோடு கண்ணாடித் தகட்டில் திரள்கிறதா என்று பாருங்கள். வெறும் உப்புக்கரைசலிலேயே திரண்டால் அந்த விதை கெட்டது.

ஆன்டிஜென்: மூன்று வழிகள்

ஆன்டிஜென் என்பது ஆட்டின் உடலில் எதிர்ப்பொருளைத் தூண்டும் சரக்கு. முழுக் கிருமியைக் கொன்று பயன்படுத்துவது எளிய வழி. சிறிய ஆய்வுக்கூடம் இதில்தான் தொடங்க வேண்டும். பெப்டோன், ஈஸ்ட் சாறு, அர்ஜினின், செரின், தையோகிளைக்கோலேட் உள்ள திரவ ஊடகத்தில் 37 டிகிரியில் வளர்த்து, வளர்ச்சி உச்சத்தை நெருங்கும்போதே அறுவடை செய்யுங்கள். பிந்தினால் அதன் நொதிகளே அதைத் தின்னத் தொடங்கும். 100 மி.லி.க்கு 0.3 மி.லி. ஃபார்மலின் சேர்த்து, 37 டிகிரியில் 24 மணி நேரம் மெல்லக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபார்மலினைக் கூட்டினால் இழையின் வடிவம் சிதையும், குறைத்தால் உயிர் மிஞ்சும்.

கிருமி செத்ததா என்ற சோதனையில் ஒரு பொறி உண்டு. மிச்சமிருக்கும் ஃபார்மலின் தட்டில் வளர்ச்சியை அடக்கி, உயிருள்ள கிருமியையும் செத்ததாகக் காட்டும். மாதிரியை இரண்டு முறை கழுவிவிட்டு, அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டால் ஃபார்மலினை முறித்துவிட்டு, அப்புறம்தான் காற்றில்லாத் தட்டில் 10 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். காற்றுள்ள ஊடகங்களிலும் 14 நாள். ஒரு மில்லிக்கு 10⁹ முதல் 10¹⁰ வரை கிருமி இருக்குமாறு சரிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, இழையை மட்டும் பிரித்தெடுப்பது. தட்டில் வளர்ந்த கிருமியைச் சுரண்டி, கரைசலில் போட்டு, பிளெண்டரில் ஒரு நிமிடம் அடித்தால் இழைகள் ஒடிந்து விழும். புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு விசையில் சுழற்றி உடலை அகற்றி, மேல் நீரில் 0.1 மோலார் மக்னீசியம் குளோரைடு சேர்த்துக் குளிரில் இரவு முழுக்க வைத்தால் இழை வெள்ளைக் கசடாக இறங்கும். புரதத்தை எடைப்படி பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 17–18 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டை வர வேண்டும். இதில் கிருமியின் உடலோடு வரும் நச்சான எண்டோடாக்சின் குறைவு, ஊசிக்குப் பின் காய்ச்சலும் குறைவு. விளைச்சலோ சொற்பம்.

மூன்றாவது, மரபணு மாற்று வழி. ஈ.கோலையில் ஃபிம்-ஏ-வைப் போட்டால் புரதம் கிலோக்கணக்கில் வரும் என்று குதிக்க வேண்டாம். ஈ.கோலைக்கு அதை இழையாகக் கோக்கத் தெரியாது. தனித்தனி மணிகளாகவே நிற்கும். ஆட்டின் உடல் அடையாளம் காண வேண்டியது கோத்த மாலையை. சூடோமோனஸ் ஏருஜினோசாவுக்கு இதே வகை இழை உண்டு, கோக்கும் கருவியும் உண்டு. அதனால் 1980-களிலிருந்தே அதில்தான் வெற்றிகரமாகச் செய்கிறார்கள். இந்த வழியில் போனால் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதி முதலில்.

எண்ணெயா, படிகாரமா?

ஆன்டிஜென்னோடு ஒரு தூண்டுபொருளைக் கலக்க வேண்டும். படிகார வகையான அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லில் செய்தால் வீக்கம் குறைவு, எதிர்ப்பொருளும் குறைவு. எண்ணெய்க் குழம்பில் எதிர்ப்பொருள் நன்றாக ஏறும், ஊசி போட்ட இடத்தில் கட்டி வரும், சில ஆட்டில் உடைந்து சீழ் வடியும். உலகம் முழுக்க எண்ணெயே ஜெயித்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் கூடுதலாக ஒரு கணக்குப் போட வேண்டும். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி இல்லை. அதன் பெயரே தோலில்தான் இருக்கிறது. விலாவில் ஊசி போட்டு ஒரு கட்டி வந்தால் அந்தத் தோல் இரண்டாம் தரம். ஆகவே ஊசி எப்போதும் காதுக்குக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில், தோலுக்கடியில். இந்த ஒரு வரியை லேபிளில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள்.

மாண்டனைட் ஐ.எஸ்.ஏ. 206 எண்ணெயைச் சம அளவில் கலக்கும்போது எண்ணெயும் ஆன்டிஜென்னும் இரண்டுமே 31 டிகிரியில் இருக்க வேண்டும், கலக்கல் மெதுவாக. ஐ.எஸ்.ஏ. 70 என்றால் 30 பங்கு ஆன்டிஜென், 70 பங்கு எண்ணெய், வேகமான கலக்கல். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விடுங்கள். 70 சொட்டாகவே மிதக்கும், 206 பால் போல் கலையும். மாறி நடந்தால் குழம்பு தலைகீழாகிவிட்டது என்று பொருள். 37 டிகிரியில் ஒரு வாரம் வைத்து நீர் பிரிகிறதா என்று பாருங்கள். 2–8 டிகிரியில் சேமிக்கலாம், உறைந்தால் குழம்பு உடையும். ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டியோடு குப்பி நேரடியாக ஒட்டாமல் நடுவில் ஒரு அட்டையாவது வையுங்கள்.

ஆட்டில் சோதனை

விலங்குப் பரிசோதனை நெறிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு ஆட்டைக்கூடத் தொடக் கூடாது. விற்பதற்கு 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். பெரிய அளவில் தயாரிக்கும் கட்டம் வந்தால், 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் போன்ற இடத்தோடு கைகோப்பது தனியாகக் கட்டடம் எழுப்புவதைவிட மலிவு.

முதலில் பாதுகாப்பு: சில ஆடுகளுக்கு இரட்டை அளவு கொடுத்து, இரண்டு வாரம் தினமும் காய்ச்சலும் கட்டியின் விட்டமும் பாருங்கள். ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் முழுக்கிருமி ஊசிக்குச் சகஜம். பிறகு அளவுத் தேர்வு: தூய இழை என்றால் 50, 100, 200 மைக்ரோகிராம் என்று மூன்று குழு, எண்ணெய் மட்டும் ஒரு குழு. 0-வது நாள் ஒரு ஊசி, 28 முதல் 42-ஆம் நாளுக்குள் இரண்டாவது. முதல் ஊசி வெறும் அறிமுகம்தான். இரண்டாவதுக்குப் பிறகே எதிர்ப்பொருள் குபீரென்று ஏறும். 0, 28, 42, 60, 90, 120 நாட்களில் இரத்தம் எடுங்கள். சீரத்தை 56 டிகிரியில் அரை மணி வைத்து, 1:100-இல் தொடங்கி இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்து, இழையுள்ள கிருமியோடு தட்டில் திரட்டல் சோதனை. இழை உதிர்த்த கிருமியை ஆன்டிஜென்னாக வைத்தால் இந்தச் சோதனையே பொய் சொல்லும்.

களச் சோதனையில் எத்தனை ஆடு? ஊசி போடாதவற்றில் 40 சதவீதத்துக்கு நோய் வரும், போட்டவற்றில் அதை 10-ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 32 ஆடு குறைந்தபட்சம். ஒரு பட்டி முழுக்க ஊசி, பக்கத்துப் பட்டி முழுக்க வெறும் எண்ணெய் என்று பிரிக்காதீர்கள். ஒரு பட்டியின் தரை மேடு, இன்னொன்றின் தரை பள்ளம். நீங்கள் அளப்பது ஊசியையா சேற்றையா என்று தெரியாமல் போகும். ஒரே பட்டிக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். மதிப்பெண் போடுபவருக்கு எந்த ஆடு எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

மந்தையில் மூன்று நான்கு சீரோகுரூப்கள் இருந்தால் முதலில் அதிகம் உள்ள இரண்டுக்கு ஊசி. மற்ற இரண்டுக்குக் குறைந்தது மூன்று மாதம் கழித்து. அவசரப்பட்டு நெருக்கினால் கலந்து கொடுத்த கதைதான்.

எப்போது, எப்படிப் போடுவது

எதிர்ப்பொருள் உச்சமும் மழையும் ஒன்றாக வர வேண்டும். சேலம் சமவெளியில் முதல் ஊசி ஆவணியில், இரண்டாவது புரட்டாசியில். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஆடு தயார். சேர்வராயன் மலையில் இந்தக் கணக்கு செல்லாது. 1,500 மீட்டர் உயரத்தில் தென்மேற்குப் பருவத்திலேயே பனியும் தூறலும் தொடங்கி, தரை காயாமல் வடகிழக்கு மழையோடு போய்ச் சேரும். அங்கே சித்திரையிலும் வைகாசியிலும் இரண்டு ஊசி, ஆவணிக் கடைசியில் ஒரு பூஸ்டர். மலைக் கிராமங்களில் வெள்ளாடும் மாடும்தான் அதிகம் கண்ணில் படும். மாட்டின் காலிலும் நோடோசஸ் தங்கும் என்பதால் ஒரே கொட்டகையில் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

போடும்போது குப்பியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்குங்கள். குளிர்ந்த எண்ணெய்க் குழம்பு ஊசியில் இறங்காது. 18 கேஜ் ஊசி, ஆடு ஒன்றுக்கு 1 மி.லி. மழையில் நனைந்த ஆட்டுக்கும், சேறு பூசிய கழுத்திலும் குத்தாதீர்கள். சீழ்க்கட்டிக்குப் பாதிக் காரணம் அழுக்கு. ஈனுவதற்கு நான்கு வாரம் முன்பும் ஈன்ற பின் நான்கு வாரமும் வேண்டாம். ஃபுட்வேக்ஸ் போட்ட ஆட்டுக்கு மாக்சிடெக்டின் என்ற குடற்புழு ஊசி கூடாது என்ற எச்சரிக்கை உண்டு. புதிய எண்ணெய் ஊசிக்கும் அதைச் சோதிக்காதவரை அதே தடையை வைத்துக்கொள்ளுங்கள். போடுபவர் விரலில் தவறிக் குத்தினால் இரத்தம் வரவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. எண்ணெய் விரலுக்குள் இரத்த ஓட்டத்தை அடைத்து விரலையே பறிக்கும். உடனே ஆஸ்பத்திரி, கையில் குப்பியின் லேபிளோடு.

இந்த ஊசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஏற்கெனவே நொண்டும் ஆட்டிலும் புண் ஆறுவதை வேகப்படுத்தும். அதனால் நோயுள்ள ஆட்டை விலக்கிவிட்டு மற்றவற்றுக்குப் போடாமல் மந்தை முழுக்கப் போட வேண்டும். கூடவே 10 சதவீதத் துத்தநாக சல்ஃபேட் குளியல், அதாவது 100 லிட்டருக்கு 10 கிலோ. கால் மணி நேரம் நிறுத்தி, பின் காய்ந்த தரையில் விடுங்கள். குளியல் முடிந்து நேராகச் சேற்றுக்குள் ஓட்டினால் மருந்து கழுவப்பட்டுவிடும். சீவிய குளம்புத் துண்டுகளைப் பட்டியிலேயே போடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள். அவற்றுக்குள் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மாசி, பங்குனியில் தரை காய்ந்து கிடக்கும்போது ஒவ்வொரு ஆட்டையும் புரட்டி நான்கு காலையும் பாருங்கள். இரண்டு ஊசிக்குப் பிறகும், வறண்ட காலத்திலும் ஆறாமல் குளம்புக்குள் ஈரம் வைத்திருக்கும் ஆடுதான் அடுத்த ஐப்பசிக்கு விதை. இரக்கம் பார்க்காமல் கறிக்கு அனுப்பிவிட வேண்டும். அதன் காலிலிருந்து ஒரு குச்சி எடுத்து மறுபடி சீரோகுரூப் பாருங்கள். ஊசியில் இல்லாத ரகம் வந்தால் முதல் மாதிரியில் தவறவிட்டது எது என்று தெரிந்துவிடும்.

மேச்சேரிச் சந்தையிலோ வீரகனூர்ச் சந்தையிலோ கிடா வாங்கினால் நேராகப் பட்டிக்குள் விடாதீர்கள். வந்த அன்றே குளியல், மூன்று வாரம் தனிக்கட்டு. வெளியே விடும் நாளில் மறுபடி புரட்டிப் போட்டு, விரலிடையை விரித்து முகர்ந்து பார்த்த பிறகு படலைத் திறங்கள்.